வழியடிமையும் படியாளும்: இருவேல்பட்டு என்னும் சிற்றூரின் வரலாறு

தமிழக வரலாறு என்று நாம் கற்பதும் கற்பிப்பதும் பெரும்பாலும் தலைநகரங்களின் வரலாறே. உறையூரும் வஞ்சியும் மதுரையும் தஞ்சையும் கங்கைகொண்ட சோழபுரமும் நம் பாடநூல்களை நிறைத்து நிற்கின்றன. அந்நகரங்களுக்கு நெல்லளந்த சிற்றூர்கள், கல்வெட்டில் ஓர் எல்லைக் குறிப்பாகவும் பாட்டில் ஓர் உவமையாகவும் வந்து மறைந்துவிடுகின்றன. உழவைப் போற்றாத தமிழ் நூல் அரிது. ஓர் உழவூரின் வாழ்வை அவ்வூரின் பெயரைச் சொல்லி, அங்கு உழுதவர் நிலையைச் சொல்லி விரிக்கும் தமிழ் நூல் அதனினும் அரிது.

இக்குறைக்கு ஒரு விதிவிலக்குப் போல அமைந்த ஊர் ஒன்று உண்டு. விழுப்புரம் மாவட்டத்தில், திருவெண்ணெய்நல்லூரை அடுத்து, சென்னை–திருச்சிராப்பள்ளி நெடுஞ்சாலையையொட்டி அமைந்துள்ள இருவேல்பட்டு என்னும் சிற்றூரே அது. அங்கே கோட்டை இல்லை, போர்க்களம் இல்லை, புலவர் பிறந்த ஊர் என்னும் புகழும் இல்லை. ஆயினும் 1916 தொடங்கி 2008 வரை, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குள், பொருளியல் அறிஞர்கள் மீண்டும் மீண்டும் அவ்வூருக்குச் சென்று, நிலம் யாருடையது, ஏர் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் யாருக்கு என்று வினவி எழுதி வைத்துள்ளனர். இந்திய நாட்டுச் சிற்றூர்களில் இத்தகைய தொடர்ச்சியான ஆய்வைப் பெற்றவை மிகச் சிலவே. அவ்வாய்வுகள் யாவும் ஆங்கிலத்தில் உள்ளமையால், தமிழ் இலக்கிய உலகம் அவற்றைப் பெரிதும் அறிந்திலது. நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் அவ்வூரின் வரலாற்றைப் பாவலர் பார்வைக்கு வைப்பதும், அவ்வரலாறு நம் இலக்கியத்தின்பால் எழுப்பும் வினா ஒன்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் பெயரும்

இருவேல்பட்டு அமைந்துள்ள பகுதி பண்டு திருமுனைப்பாடி நாடு எனவும் நடுநாடு எனவும் வழங்கப்பெற்றது. தென்பெண்ணையும் கெடிலமும் இந்நாட்டின் உயிராறுகள். தென்பெண்ணையினின்று பிரியும் மலட்டாறு இவ்வூர்ப் பகுதியை ஒட்டிச் செல்கிறது. மலட்டாறு என்னும் பெயரே அதன் இயல்பைச் சொல்லும். ஆண்டின் பெரும்பகுதியும் மணலாய்க் கிடந்து, வெள்ளக் காலத்தில் மட்டும் ஆறு என்பதை மெய்ப்பிக்கும் நீர்வழி அது. ஆற்றை முழுதும் நம்ப இயலாத இத்தகைய ஊர்களில் ஏரியும் கிணறுமே உழவின் துணை. காவிரிப் படுகையைப் போல நன்செய் ஒன்றையே நம்பியிராமல், நெல்லோடு புன்செய்ப் பயிர்களையும் சார்ந்த வாழ்வு இவ்வட்டாரத்தது.

‘பட்டு’ என்னும் ஈறு வடதமிழகத்து ஊர்ப்பெயர்களில் பயில வழங்குவது. சிற்றூர் என்பது அச்சொல்லின் பொருள். இரா. பி. சேதுப்பிள்ளையவர்களின் ‘ஊரும் பேரும்’ என்னும் நூலைப் பயின்றோர், ஊர்ப்பெயரின் ஈறு அவ்வூர்க் குடியேற்றத்தின் தன்மையைக் காட்டும் என்பதை அறிவர். நல்லூர் என்றும் மங்கலம் என்றும் பெயர்பெற்ற ஊர்களின் நடுவே ‘பட்டு’ எனப் பெயர் தாங்கி நிற்பது, இவ்வூர் தொடக்கம் முதலே ஓர் உழவுக் குடியிருப்பாக இருந்தமையை உணர்த்தும் எனலாம். ஆங்கில நூல்களில் இப்பெயர் முதலில் ‘எருவெல்லிப்பேட்’ எனத் திரிந்து பதிவாயிற்று. பின்வந்த ஆய்வாளர்களே அதை இருவேல்பட்டு எனத் திருத்தி எழுதினர். தன் பெயரைச் சரியாக எழுதிக்கொள்ளவே இச்சிற்றூர் பல பத்தாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஓர் ஓலையின் கதை

இருவேல்பட்டின் வரலாற்றுக்குள் நுழையுமுன், அதன் அண்டை ஊராகிய திருவெண்ணெய்நல்லூரின் பெரும்புகழை நினைத்தல் வேண்டும். கம்பரைப் புரந்த சடையப்ப வள்ளலின் ஊர் அது. உழவின் சிறப்பைப் பாடும் ‘ஏரெழுபது’ கம்பர் பெயராலேயே வழங்குகிறது. சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் வாழ்ந்த ஊரும் அதுவே. இவை யாவற்றினும் மேலாக, சுந்தரமூர்த்தி நாயனாரை இறைவன் ஆட்கொண்ட ஊர் என்பதே அதன் தலையாய பெருமை.

சேக்கிழார் பெருமான் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாடிய தடுத்தாட்கொண்ட புராணத்தை வகுப்பில் பயிற்றுவிக்கும் எவரும் அதில் ஒரு வழக்காடு மன்றத்தின் நடைமுறை முழுதும் அமைந்திருப்பதைக் கண்டு வியப்பர். புத்தூரில் மணக்கோலத்தில் இருந்த சுந்தரர் முன் முதிய அந்தணர் ஒருவர் வந்து, இவன் எனக்கு அடிமை என்கிறார். அந்தணர் அந்தணருக்கு அடிமையாதல் உண்டோ என்று சுந்தரர் வினவுகிறார். உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை உண்டு என்கிறார் முதியவர். சுந்தரர் அவ்வோலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிந்தது படியோலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் உளது என்கிறார் முதியவர். வழக்கு வெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றனுள் ஒன்றால் உன் உரிமையை நிறுவுக என்று அவையோர் கேட்கின்றனர். மூல ஓலை படிக்கப்படுகிறது. தானும் தன் மரபினரும் வழிவழியாகத் தொண்டு செய்வதாகத் திருநாவலூர் ஆரூரன் எழுதிக் கொடுத்த ஓலை அது. பாட்டன் எழுதிய வேறோர் ஓலையை வருவித்துக் கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அவை தீர்ப்பு வழங்குகிறது.

இறைவனுக்கு ஆட்படுதலின் பேரின்பத்தைச் சொல்லும் இவ்வரலாற்றின் பக்திப் பொருளில் நமக்கு ஐயமில்லை. எனினும் புலவர் தம் காலத்து உலகியலைக் கொண்டே உலகியல் கடந்ததைச் சொல்வர். பாட்டன் எழுதிய ஓலையால் பேரன் அடிமையாதல், அதாவது வழியடிமை என்னும் நிலை, சேக்கிழார் காலத்து மக்களுக்கு உடனே விளங்கும் செய்தியாக இருந்தது என்பதே நாம் ஈண்டுக் கருதத்தக்கது. சேக்கிழார்க்குப் பிந்திய தலைமுறையில், 1201ஆம் ஆண்டளவில், பஞ்சம் தாங்காமல் வேளாளர் ஒருவர் தம் இரு மகளிரோடு 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்குத் தம்மை விற்றுக்கொண்ட செய்தியைக் கல்வெட்டு தருகிறது. ஆள் விற்பனையும் ஆளோலையும் கற்பனைகள் அல்ல.

அவ்வுலகில் உழுதவர் எங்கே இருந்தனர் என்பதற்கும் கல்வெட்டுச் சான்று உண்டு. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு ஊர்களை அளித்தபோது, இறையிலி நிலங்களாகக் கழிக்கப்பட்டவை எவையென்று ஊர்தோறும் பட்டியலிடப்பட்டன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என அப்பட்டியல்கள் செல்லும். வரியில்லா நிலம் என்ற அளவில் சேரி கல்லில் இடம்பெற்றது. சேரியில் வாழ்ந்தோர் பெயர் இடம்பெறவில்லை. பிற்காலத்துப் பள்ளு இலக்கியம் உழவரைத் தலைமக்களாக்கியது உண்மையே. முக்கூடற்பள்ளு முதலிய நூல்களில் நெல்வகைகளும் மாட்டுவகைகளும் ஏர்க்கருவிகளும் வரிசையாக வருகின்றன. பண்ணைக்காரன் பள்ளனைத் தொழுவில் மாட்டும் காட்சியும் வருகிறது. ஆனால் அக்காட்சி நகைச்சுவைக்கு உரியதாகவே அமைந்துவிட்டது. தொழுவில் கால் மாட்டப்பட்டவனின் கடன் எவ்வளவு, அது எப்போது தீரும் என்று எந்தப் பள்ளும் கேட்கவில்லை.

1916: ஒரு பேராசிரியரும் மாணவரும்

அவ்வினாவைக் கேட்டவர் தமிழ்ப் புலவர் அல்லர். ஓர் ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் துறையின் முதற் பேராசிரியராக 1915இல் வந்து சேர்ந்தவர் கில்பர்ட் ஸ்லேட்டர். இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களின் பொதுநிலங்கள் வேலியிட்டு அடைக்கப்பட்டதால் அந்நாட்டு எளிய உழவர் நிலமிழந்த வரலாற்றை 1907இல் நூலாக எழுதியவர் அவர். தமிழ் ஆய்வாளர்க்கு அவர் பெயர், இந்தியப் பண்பாட்டில் திராவிடக் கூறு பற்றி 1924இல் அவர் வெளியிட்ட நூலால் அறிமுகமானது. ஆனால் அவருடைய தலைசிறந்த பணி அதற்கு முன்பே நிகழ்ந்துவிட்டது.

பொருளியலை ஆங்கில நூல்களிலிருந்து மனப்பாடம் செய்யும் மாணவர்க்குத் தம் நாட்டுச் சிற்றூர்களைப் பற்றி ஒன்றும் தெரியாதிருப்பதைக் கண்ட ஸ்லேட்டர், விடுமுறைக்குச் செல்லும் மாணவர் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்தனுப்பினார். நிலம், பயிர், கால்நடை, கைத்தொழில், கூலி, உணவு, கடன் எனச் சிற்றூர் வாழ்வின் ஒவ்வொரு கூறும் அதில் இருந்தது. அவ்வாறு 1916இல் தொடங்கித் திரட்டிய செய்திகள் ‘சில தென்னிந்தியச் சிற்றூர்கள்’ எனப் பொருள்படும் ஆங்கில நூலாக 1918இல் வெளிவந்தன. இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம், திருநெல்வேலி மாவட்டத்துக் கங்கைகொண்டான், தஞ்சை மாவட்டத்துப் பாலக்குறிச்சி, வடஆர்க்காடு மாவட்டத்துத் தூசி, தென்னார்க்காடு மாவட்டத்து இருவேல்பட்டு ஆகிய ஐந்தும் அந்நூலில் இடம்பெற்ற தமிழ்ச் சிற்றூர்கள். பின்வந்த ஆய்வாளர்கள் இவற்றை ‘ஸ்லேட்டர் சிற்றூர்கள்’ என்றே வழங்கலாயினர்.

இருவேல்பட்டைப் பொறுத்தவரை அந்நூல் காட்டிய சித்திரம் தெளிவானது. ஊரின் நிலத்தில் பெரும்பகுதி ரெட்டியார் குடும்பங்கள் சிலவற்றின் கையில் இருந்தது. வன்னியரும் பிறரும் ஊரில் வாழ்ந்தனர். ஆதிதிராவிடர் சேரியில் வாழ்ந்தனர். நிலக்கிழார் குடும்பங்களின் வயலில் ஆண்டு முழுதும் உழைத்தவர் ‘படியாள்’ எனப்பட்டனர். இப்படியாள் பற்றி ஸ்லேட்டரின் நூலில் உள்ள சில வரிகளே இச்சிற்றூரை உலக அறிஞர் கவனத்துக்குக் கொண்டுவந்தன.

படியாள்

படி என்பது முகத்தலளவை. நெல்லைப் படியால் அளந்து கூலி பெறும் ஆள் படியாள். தஞ்சைப் பகுதியில் பண்ணையாள் எனப்பட்டவர்க்கு இணையான நிலை இது. ஆனால் இச்சொல்லின் முழுப்பொருள் கூலியில் இல்லை, கடனில் உள்ளது.

சேரி இளைஞன் ஒருவனுக்குத் திருமணம் கூடுகிறது. கையில் பொருளில்லை. நிலக்கிழாரிடம் ஒரு தொகை வாங்குகிறான். அத்தொகைக்கு ஈடாக வைக்க அவனிடம் உள்ளது அவன் உழைப்பு ஒன்றே. அன்று முதல் அவன் அக்குடும்பத்தின் படியாள். நாள்தோறும் அளக்கப்படும் நெல் அவன் வயிற்றுக்கே போதாது. முதலைத் திருப்பிக் கொடுக்க மிச்சம் ஏது? ஆகவே கடன் அப்படியே நிற்கும். அவன் முதுமையுற்றபின் மகன் அதனை ஏற்பான். மகன் திருமணத்துக்கு மேலும் ஒரு தொகை சேரும். நிலக்கிழார் இறந்து சொத்துப் பிரிக்கப்படும்போது படியாட்களும் பங்கில் சேர்வர். நிலம் விற்கப்படும்போது நிலத்தோடு அவர்களும் கைமாறுவர். இக்கடன்கள் தீர்க்கப்படுவதே இல்லை, தலைமுறைதோறும் இறங்கிச் செல்கின்றன என்பதுதான் 1918ஆம் ஆண்டு நூலின் சாரம்.

இம்முறை ஏன் நீடித்தது என்பதையும் ஆராய்தல் வேண்டும். நடவும் அறுவடையும் நாள் தவறாமல் நிகழவேண்டியவை. அந்நாட்களில் ஆள் கிடைக்காவிடில் ஆண்டின் விளைவே போகும். கடனால் கட்டப்பட்ட ஆள், நிலக்கிழார்க்கு அவ்வச்சத்தைப் போக்கினான். படியாளுக்கோ, வேலையற்ற கோடையிலும் சிறிது நெல் கிடைக்கும் என்னும் உறுதி இருந்தது. அதனினும் வலிய கட்டு ஒன்று உண்டு. இத்தகைய ஊர்கள் பலவற்றில் சேரிக் குடிசை நின்ற மனைக்கட்டு நிலக்கிழாருடையதாகவே இருந்தது. வேலையை விட்டவன் குடிசையையும் விடவேண்டும். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் இந்த மனைக்கட்டுச் சிக்கலை விரித்துரைத்தார். அதன் விளைவாகவே 1892இல் ஆதிதிராவிடர்க்குத் தனியே நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்தது. பஞ்சமி நிலம் என இன்று வழங்கப்படுவது அதுவே.

இவ்விடத்தில் ஆண்டுகளை ஒப்புநோக்குதல் வேண்டும். இந்தியாவில் அடிமை உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்னும் சட்டம் 1843இல் வந்தது. 1862இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டம் ஆளை அடிமையாக விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. அதற்கு ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே ஸ்லேட்டரின் ஆய்வு தொடங்கிற்று. அடிமை என்னும் சொல்லைச் சட்டம் நீக்கிய பின்னும், கடன் என்னும் சொல்லின் கீழ் அந்நிலை தொடர்ந்திருந்தது.

வெண்ணெய்நல்லூர் அவையோர் வகுத்த மூவகைச் சான்றுகளை இப்படியாளுக்குப் பொருத்திப் பார்த்தால் உள்ளம் நடுங்குகிறது. ஆவணம் எழுதப்பட்டிருந்தாலும் அதைப் படித்தறியும் எழுத்து அவனுக்குக் கற்பிக்கப்படவில்லை. அயலார் காட்சி கூறவேண்டுமாயின், ஊரில் சொல் எடுபடும் அயலார் நிலக்கிழார் பக்கத்தவரே. எஞ்சியது ஆட்சி ஒன்றுதான். உன் தந்தை எனக்கு உழைத்தான், ஆகவே நீயும் உழைப்பாய் என்னும் வழக்காறே அவனைக் கட்டிய ஓலை. சுந்தரர்க்கு ஓலையைப் பறித்துக் கிழிக்கும் உரிமை இருந்தது. அவை கூட்டிக் கேட்கும் உரிமை இருந்தது. பாட்டன் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் உரிமையும் இருந்தது. அதே வெண்ணெய்நல்லூரின் அண்டை ஊரில் வாழ்ந்த படியாளுக்கு இம்மூன்றும் இல்லை.

கட்டு அவிழ்ந்த வழிகள்

ஸ்லேட்டருக்குப் பின், 1936–37இல் பேராசிரியர் பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறு ஆய்வு செய்து 1940இல் நூலாக்கினர். உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருள் விலை சரிந்து, உழவர் கடன் பெருகியிருந்த காலம் அது. சென்னை மாகாண அரசு 1938இல் உழவர் கடன் நிவாரணச் சட்டம் இயற்றியதற்கு அத்துயரே பின்புலம். நிலமுடையோர் கடன் சட்டமன்றம் வரை சென்றது. படியாளின் கடன் களத்துமேட்டைத் தாண்டவில்லை. 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் என்னும் அம்மையார் இவ்வூர்களைக் கண்டு ஆராய்ந்து 1967இல் எழுதினார். 1981–82இல் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த எஸ். குகனும் மானிடவியலறிஞர் ஜோன் மென்சரும் இருவேல்பட்டை விரிவாக ஆய்ந்து 1983இல் கட்டுரைகள் வெளியிட்டனர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவரும் மீண்டும் சென்று ஆராய்ந்து 2010இல் தம் முடிவுகளை வெளியிட்டனர்.

இவ்வாய்வுகளை வரிசையாகப் படிப்போர்க்கு முதலில் தோன்றுவது மாற்றத்தின் மெதுநடையே. 1916க்கும் 1961க்கும் இடையில் முதல் உலகப்போர் முடிந்து இரண்டாம் உலகப்போரும் நிகழ்ந்தது; நாடு விடுதலை பெற்றது; எல்லார்க்கும் வாக்குரிமை வந்தது. ஆயினும் வயலில் உறவுமுறை பெரிதும் பழைய தடத்திலேயே சென்றது. தஞ்சை மாவட்டத்துக்கு 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தென்னார்க்காட்டுப் படியாளுக்கு அதன் நிழல் கிட்டவில்லை. 1961இல் நில உச்சவரம்புச் சட்டம் இயற்றப்பட்டு, 1970இல் உச்சவரம்பு 30 தர ஏக்கரிலிருந்து 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. சட்டம் வரும் செய்தி முன்னரே எட்டிவிடும் இடங்களில் நிலம் உறவினர் பெயர்களில் பிரிந்து நின்றது தமிழகம் முழுதும் அறிந்த கதை.

மெல்லிய மாற்றங்கள் வேறு வழிகளில் நுழைந்தன. 1958இல் சாத்தனூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. மின்சாரம் சிற்றூர்களுக்கு வந்தது. கிணறுகளில் ஏற்றமும் கவலையும் நின்ற இடத்தில் மின் இறைப்பொறி நின்றது. 1960களின் பிற்பகுதியில் புதிய நெல்வகைகள் பரவின. அருகிலுள்ள பெரியசெவலையில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்தபின் இவ்வட்டாரத்தில் கரும்பு பெருகிற்று. குகனும் மென்சரும் கண்டது இவ்வாறு உழவு மாறிய ஊரை. ஆனால் உழவு மாறிய அளவுக்கு உழுவோர் நிலை மாறவில்லை என்பதே அவர்கள் ஆய்வு உணர்த்தும் துயரம். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்து, அத்தகைய கடன்கள் யாவும் செல்லாவென அறிவித்திருந்தது. சட்டம் வந்த நாளிலேயே கடன் நினைவு அழிந்துவிடுவதில்லை.

2008ஆம் ஆண்டு ஆய்வுதான் உண்மையான திருப்பத்தைப் பதிவு செய்தது. நிலக்கிழார் குடும்பங்களின் மேலாண்மை தளர்ந்திருந்தது. உழைப்போர் ஒரே வீட்டின் முகம் பார்த்து வாழும் நிலை உடைந்திருந்தது. படியாள் என்னும் உறவு மறைந்தது. இதற்குக் காரணம் ஒன்றன்று. நெடுஞ்சாலை ஊரையொட்டிச் செல்வதால் ஆண்கள் வெளியூர்க் கட்டட வேலைக்கும் பிற தொழிலுக்கும் செல்ல முடிந்தது. பள்ளிக்கூடமும் நியாயவிலைக் கடையும் பட்டினியின் கூர்மையை மழுக்கின. ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது விழுப்புரமும் அவற்றுள் ஒன்று. நிலக்கிழார் வாசலுக்கு அப்பாலும் ஒரு வேலை உண்டு என்னும் நிலை பெண்களுக்கும் வந்தது.

அரசியலின் பங்கும் இதில் பெரிது. 1987இல் வன்னியர் நடத்திய இடஒதுக்கீட்டுப் போராட்டம் தென்னார்க்காட்டையே உலுக்கியது. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்னும் பிரிவும் 20 விழுக்காட்டு ஒதுக்கீடும் பிறந்தன. 1990களில் தலித் இயக்கங்கள் இம்மாவட்டத்தில் வேரூன்றின. 1993 செப்டம்பரில் தென்னார்க்காடு மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று. 1996ஆம் ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் ஊராட்சி மன்றங்களில் பெண்களுக்கும் ஆதிதிராவிடர்க்கும் இடங்களை உறுதி செய்தது. வெண்ணெய்நல்லூரில் அவை கூடிய காலம் தொட்டு அவைக்கு வெளியே நின்றோர், அவையில் அமரும் காலம் வந்தது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. விடுதலை உழைப்புக்குக் கிடைத்தது. நிலம் அதனோடு வரவில்லை. நிலக்கிழார் விற்ற நிலத்தில் சேரிக்கு வந்த பங்கு சிறிது. உழைப்பவர் வயலை விட்டு வெளியேறுவதன் மூலமே வயலின் கட்டிலிருந்து விடுபட்டனர் என்பது இவ்வூர் வரலாற்றின் கசப்பான உண்மை. உழுதவனுக்கு நிலம் என்று ஒரு தலைமுறை முழங்கியது. உழுதவன் பேரன் கட்டடச் சாரத்தின் மேல் நிற்கிறான்.

மலட்டாறு மீண்டும் பேசியபோது

2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டத்தில் பெருமழை கொட்டியது. சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் பெருமளவு நீர் திறந்துவிடப்பட்டது. மணலாய்க் கிடந்த மலட்டாறு கரைபுரண்டு ஊர்களுக்குள் புகுந்தது. உதவி வந்து சேரவில்லை என்று மக்கள் இருவேல்பட்டுப் பகுதியில் நெடுஞ்சாலையை மறித்தனர். டிசம்பர் 3ஆம் நாள், பார்வையிடச் சென்ற அமைச்சர்மீது சேறு வீசப்பட்ட செய்தி நாடு முழுதும் பரவியது. பொருளியல் ஆய்விதழ்களுக்கு மட்டுமே தெரிந்திருந்த ஊர்ப்பெயர் அன்று எல்லா நாளிதழ்களிலும் வந்தது.

அச்செயலின் முறைமையைப் பற்றி இருவேறு கருத்துக்கள் இருக்கலாம். வரலாற்றைப் பயில்வோர் காண வேண்டியது வேறு. தன் குடிசை நின்ற மண்ணே தனக்கு உரியதாக இல்லாத படியாளின் ஊர் அது. வாசலில் தலை குனிந்து நின்று நெல் அளந்து பெற்ற ஊர் அது. அவ்வூரின் மக்கள் நெடுஞ்சாலையில் கூடி நின்று ஆட்சியாளரைப் பெயர் சொல்லிக் கேட்டனர். 1916இல் வினாப்பட்டியலோடு வந்த மாணவன் கேட்கவும், அவ்வூர் விடை சொல்லவும் செய்தது. 2024இல் வினாவைத் தொடுத்தது அவ்வூரே.

பாவலர்க்கு

நிறைவாக, இவ்வரலாறு இலக்கியத்தாரிடம் எழுப்பும் வினாவுக்கு வருவோம். தமிழ்க் கவிதையில் அடிமை என்னும் சொல் மிக உயர்ந்த இடம் பெற்ற சொல். ஆழ்வாரும் நாயன்மாரும் அச்சொல்லைத் தம் அன்பின் உச்சியில் வைத்தனர். மன்னனின் ஆணைக்கு அஞ்சாத அப்பர் பெருமானும் இத்திருமுனைப்பாடி நாட்டவரே. அரசனுக்கு ஆட்பட மறுத்த அவர் இறைவனுக்கு ஆட்பட்டார். அவ்வுயர்வை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் ஒரு சொல் பாட்டில் உயர உயர, அச்சொல்லின் நேர்ப்பொருளைத் தம் உடம்பால் சுமந்தவர் நம் பார்வையிலிருந்து மறைந்தனர் என்பதை மறுக்க இயலாது. சுந்தரர் ஓலையைப் பதினாயிரம் முறை ஓதிய நாட்டில், படியாளின் கடனை எழுதி வைக்க 1916 வரை எவரும் முன்வரவில்லை. எழுதியபோதும் அது நம் மொழியில் எழுதப்படவில்லை.

உழவைப் பாடும் மரபு நம்மிடம் வளமாக உள்ளது. ஏரைப் பாடினோம், மேழியைப் பாடினோம், ஏர் உடையாரையும் பாடினோம். ஏர் பிடித்தவன் பெயர் என்ன, அவன் எவ்வளவு கடனில் பிறந்தான் என்னும் இரண்டு செய்திகள் அப்பாட்டுகளில் இல்லை. இன்று அவற்றைச் சேர்க்கும் கடமை நம்முடையது. அதற்குப் பெரிய ஆய்வுத் திட்டம் வேண்டுவதில்லை. வட்டத்து உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஓர் ஊர் உண்டு. அவ்வூரில் படி, மரக்கால், வாரம், களத்துக்கூலி, தலைப்பணம் என்னும் சொற்களை வாழ்ந்து அறிந்த முதியோர் இன்னும் சிலர் உள்ளனர். மின் இறைப்பொறிக்கு முன் ஏற்றம் இறைத்தவர் உள்ளனர். தந்தை எந்த வீட்டுக்கு ஆளாக இருந்தார் என்று சொல்லத் தயங்கும் பாட்டிமார் உள்ளனர். அத்தயக்கத்தை மதித்து, அருகமர்ந்து, சொல்லும் அளவே எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

ஸ்லேட்டரின் மாணவர் விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது கையில் ஒரு வினாப்பட்டியல் இருந்தது. அதைப் போன்றதொன்றை நம் வட்டம் தமிழில் வகுத்து, பதினோராம் ஆண்டின் முதற்பணியாக உறுப்பினர் கையில் அளிக்குமாயின், இருவேல்பட்டுக்குக் கிட்டிய வரலாறு மேலும் பல பட்டுகளுக்கும் பட்டிகளுக்கும் பாடிகளுக்கும் கிட்டும். ஊரின் மூல ஓலை அம்முதியோரின் நினைவில்தான் உள்ளது. அது அழியுமுன் படியெடுத்துக்கொள்வோமாக.